கதையில் எது புதிது? அறிபுனை, மிகைபுனைவு ஆய்வு: வாசகர் கேள்வி பதில்

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யப் போகிறேன். அறிவியல் புனைகதை என்றதுமே துறையில், "அது பொழுதுபோக்கு, ஆய்வுக்கு ஆகாது" என்கிறார்கள். உண்மையில் இப்படி ஒரு படிப்புத் துறை இருக்கிறதா?
*– வாசகர், திருநெல்வேலி*

இருக்கிறது. அதற்கு வயதும் ஆகிவிட்டது. ஜே. ஓ. பெய்லி என்ற அமெரிக்கப் பேராசிரியரின் 'பில்கிரிம்ஸ் த்ரூ ஸ்பேஸ் அண்ட் டைம்' 1947-ல் வந்தது. அறிபுனையை முழு நூலாக ஆராய்ந்த முதல் கல்விப்புலப் படைப்பு என்று அதைத்தான் சொல்வார்கள். 1959-ல் ஓஹையோ மாநிலத்து வூஸ்டர் கல்லூரியில் தாமஸ் கிளேர்சன் 'எக்ஸ்ட்ராபொலேஷன்' என்ற ஆய்விதழைத் தொடங்கினார். 1970-ல் அமெரிக்காவில் அறிபுனை ஆய்வுச் சங்கம் உருவானது. அது தந்த 'பில்கிரிம்' விருதின் பெயர் பெய்லியின் நூலிலிருந்து எடுத்தது. 1972-ல் பிரிட்டனில் 'ஃபவுண்டேஷன்', 1973-ல் ஆர். டி. மல்லனும் தார்க்கோ சூவினும் தொடங்கிய 'சயன்ஸ் ஃபிக்‌ஷன் ஸ்டடீஸ்' என்று ஆய்விதழ்கள் வரிசையாக வந்தன. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மிகைபுனைவுக்கென்றே (ஃபேன்டஸி) ஒரு மையம் 2020-ல் தொடங்கியது. நம் பக்கத்தில், இந்திய அறிபுனை ஆய்வுச் சங்கம் 1998-ல் வேலூரில் பிறந்தது.

இந்த வரலாற்றை ஆய்வுச் சுருக்கத்தில் நான்கு வரியில் சொல்லி முடியுங்கள். பலர் பத்துப் பக்கம் இதற்கே வாதாடுகிறார்கள். படிக்கிறவருக்கு அதற்குப் பிறகுதான் சந்தேகமே வருகிறது.

எந்த ஆய்வேட்டைத் திறந்தாலும் சூவினின் வரையறை இருக்கிறது. 'அறிவார்ந்த அந்நியமாக்கல்', 'நோவம்' என்று சொற்கள் வருகின்றன, பிடிபடவில்லை. என் ஆய்வில் இதை எப்படிப் பயன்படுத்துவது?
*– முதுகலை மாணவி, மதுரை*

சூவின் இதை 1972-ல் ஒரு கட்டுரையில் முன்வைத்து, 1979-ல் 'மெட்டமார்ஃபோசஸ் ஆஃப் சயன்ஸ் ஃபிக்‌ஷன்' நூலில் விரித்தார். அந்நியமாக்கல் என்பது ரஷ்ய விமர்சகர் ஷ்க்லோவ்ஸ்கியிடமிருந்தும் நாடகாசிரியர் பிரெக்ட்டிடமிருந்தும் வந்த கருத்து. பழகிப் பழகிக் கண்ணுக்குத் தெரியாமல் போன ஒன்றைப் புதிதாகப் பார்க்க வைப்பது. பேய்க்கதையும் தேவதைக் கதையும்கூட அதைச் செய்யும். அறிபுனை அதை அறிவுக்குக் கட்டுப்பட்ட வழியில், காரணகாரியத்தோடு செய்கிறது என்பது சூவினின் வாதம். நோவம் என்பது கதை உலகத்தை ஆசிரியரின் உலகத்திலிருந்து பிரிக்கும் ஒரு புதுமை. அந்தச் சொல்லை அவர் எர்ன்ஸ்ட் ப்ளோக் என்ற மெய்யியலாளரிடமிருந்து எடுத்தார்.

வரையறையை மேற்கோள் காட்டுவதோடு விட்டால் பயனில்லை. ஒரு கதையில் வைத்துப் பார்ப்போம். ரொக்கையா ஹுசைனின் 'சுல்தானாஸ் ட்ரீம்' 1905-ல் சென்னையிலிருந்து வெளிவந்த 'தி இண்டியன் லேடீஸ் மேகஸின்' இதழில் அச்சானது. எழுதியவர் வங்காளப் பெண். எழுதிய மொழி ஆங்கிலம். பெண்கள் ஆளும் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள். சமையல் சூரிய வெப்பத்தில் நடக்கிறது. கதை சின்னது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

நோவம் எது என்று கேட்டால் பாதிப் பேர் "பறக்கும் வண்டி" என்று எழுதுகிறார்கள். கதையில் அது கண்ணைப் பறிக்கும் பொருள்தான். அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். கனவு காணும் சுல்தானாவும் அவளுக்கு அந்த நாட்டைச் சுற்றிக்காட்டும் சாராவும் நடந்து போவார்கள், அவ்வளவுதான்; நாடு அப்படியே நிற்கும். இப்போது சூரிய வெப்பக் கருவியை எடுங்கள். பகைவர் படையை முறியடிக்க வழியில்லை. ஆண்களை உள்ளே போகச் சொல்ல வாய்ப்பே வந்திருக்காது. ஆக, இது கனமான பொருள். இங்கேயும் நிற்காமல் இன்னொரு படி கீழே இறங்குங்கள். அந்தக் கருவியைச் செய்தது யார்? பெண்கள் பல்கலைக்கழகம். அது எப்படி வந்தது? பெண்கள் எல்லோரும் படிக்க வேண்டும், 21 வயதுக்கு முன் திருமணம் கூடாது என்று அரசி போட்ட ஆணையால் வந்தது. அதை எடுத்தால் கதையில் எதுவும் மிஞ்சாது. நோவம் அந்த ஆணைதான். கருவியெல்லாம் அதன் விளைவு. "பெண்ணிய அறிபுனை" என்று பொதுவாக எழுதுவதற்கும், இப்படி ஒவ்வொரு பொருளாக எடுத்துப் பார்த்து அங்கே வந்து சேர்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

அடுத்தது அந்நியமாக்கல். பெண்கள் அடைபட்ட பகுதிக்கு ஸெனானா என்று பெயர். கதையில் ஆண்கள் அடைபட்ட இடம் மர்தானா. சொல்லைத் திருப்பிப் போட்டதும், அதுவரை இயல்பாகத் தெரிந்த வழக்கம் விநோதமாகிவிடுகிறது. இன்னொரு இடத்தில் சாரா ஒரு கணக்குப் போடுகிறாள். ஒரு சுருட்டு எரிய அரை மணி நேரம். ஓர் ஆண் நாளைக்குப் 12 சுருட்டு பிடிக்கிறான். ஆறு மணி நேரம் புகையிலேயே போகிறது. பெண்கள் அலுவலக வேலையை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். 'அறிவார்ந்த' என்ற அடைமொழிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. மந்திரம் எதுவும் இல்லை, வெறும் பெருக்கல் கணக்கு, ஆனால் ஓர் ஏற்பாடே அதில் ஆட்டம் காண்கிறது. சுருட்டைக் குறிக்கும் அந்த ஆங்கிலச் சொல் தமிழ்ச் 'சுருட்டு'தான் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வரையறை எங்கே முட்டிக்கொள்கிறது என்பதையும் எழுத வேண்டும். பறக்கும் வண்டி என்பது ஒரு பலகை, இரண்டு இருக்கை, புவியீர்ப்பை வெல்ல இரண்டு ஹைட்ரஜன் உருண்டைகள். அவ்வளவு சிறிய உருண்டை ஆளைத் தூக்காது. முடிவில் எல்லாம் கனவு என்று தெரிகிறது. இரண்டையும் வைத்து "இது அறிபுனை இல்லை" என்று ஒருவர் வாதிட முடியும். கார்ல் ஃப்ரீட்மன் 2000-ல் இதற்கு ஒரு திருத்தம் சொன்னார்: அறிவியல் சரியா என்று பார்க்காமல், பிரதி தன் அறிவியலை எந்தத் தோரணையில் முன்வைக்கிறது என்று பாருங்கள் என்றார். அந்த உருண்டைகளை சாரா விளக்கும் தொனி ஒரு பொறியாளரின் தொனி. இந்தத் திருத்தத்தைச் சேர்க்காமல் சூவினை மட்டும் வைத்துக்கொண்டால் பழைய கதைகளில் பாதியை வெளியே தள்ள வேண்டியிருக்கும். மிகைபுனைவைத் தாழ்த்தி வைத்தார் என்பதும் சூவின் மீது உள்ள வலுவான குற்றச்சாட்டு. சைனா மியேவில் 2009-ல் எழுதிய கட்டுரையையும் அதற்காகப் படியுங்கள்.

தோதரோவின் 'ஃபென்டாஸ்டிக்' கோட்பாட்டை டோல்கீனின் நாவலுக்குப் பொருத்திக் கட்டுரை எழுதினேன். ஓர் ஆய்விதழ் திருப்பி அனுப்பிவிட்டது. எங்கே தவறு?
*– வாசகர், கோயம்புத்தூர்*

சொல் ஏமாற்றிவிட்டது. 1970-ல் வந்த பிரெஞ்சுக் கோட்பாட்டாளர் தோதரோவின் நூல் பேசுவது நாம் ஃபேன்டஸி என்கிற வகையைப் பற்றி அல்ல. ஒரு விசித்திரம் நடக்கிறது. அது மனப்பிரமையா, உண்மையிலேயே இயற்கை மீறியதா என்று வாசகர் முடிவுக்கு வர முடியாமல் தயங்குகிறார். அந்தத் தயக்கம் நீடிக்கும் வரைதான் அவர் சொல்லும் 'ஃபென்டாஸ்டிக்'. ஹென்றி ஜேம்ஸ் 1898-ல் எழுதிய 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' அதற்குப் பொருந்தும். ஆவிகள் உண்டா, குழந்தைகளைக் கவனிக்கும் வீட்டு ஆசிரியையின் மனக்கோளாறா என்பது கடைசிவரை தீராது. டோல்கீனின் மோதிரத்தைப் பற்றி யாராவது அப்படித் தயங்குகிறார்களா? அது தோதரோவின் பகுப்பில் 'அற்புதம்' என்ற பக்கத்து அறைக்குப் போய்விடுகிறது. அந்த அறைக்குள் அவர் அதிகம் நுழைவதில்லை.

உங்களுக்கு வேண்டிய கருவிகள் வேறு. 1939-ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் டோல்கீனே ஆற்றிய தேவதைக் கதைகள் பற்றிய உரை ஒன்று. தனக்கென்று விதிகளோடு கதைக்குள் இயங்கும் 'இரண்டாம் உலகம்' என்ற கருத்து அங்கேதான் விரிவாக வருகிறது. மற்றது ஃபாரா மெண்டல்சன் 2008-ல் எழுதிய 'ரெடரிக்ஸ் ஆஃப் ஃபேன்டஸி'. மாயம் கதைக்குள் எப்படி நுழைகிறது என்பதை வைத்து அவர் நான்கு வகை சொல்கிறார்: வாசல் கடந்து போவது, நம் உலகத்துக்குள் ஊடுருவுவது, முழுக்க அந்த உலகிலேயே மூழ்கியிருப்பது, விளிம்பில் நிற்பது.

இதிலும் ஒரு குழி இருக்கிறது. "இது வாசல் வகை" என்று பெயர் ஒட்டிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார்கள். மெண்டல்சனின் அக்கறை மொழியில். வாசல் கடந்து போகிறவருக்குத் தெரிந்த அளவுதான் வாசகருக்கும் தெரியும். ஆகவே யாராவது ஒரு பெரியவர் உட்கார்ந்து நீளமாக விளக்க வேண்டியிருக்கிறது, அதை மறுத்துப் பேசவும் ஆளில்லை. மூழ்கிய வகையில் யாரும் எதையும் விளக்கமாட்டார்கள். நாமே ஊகிக்க வேண்டும். முதல் இரண்டு அத்தியாயங்களில் விளக்கம் வருகிற பத்திகளைப் பென்சிலால் கோடிட்டு எண்ணுங்கள். யார் விளக்குகிறார், யாருக்கு, எதிர்க்கேள்வி வந்ததா என்று ஓரத்தில் குறியுங்கள். அந்தப் பட்டியலிலிருந்தே கட்டுரை கிளம்பும்.

ஆங்கிலக் கதைகளைத் தமிழாக்குகிறேன். இயந்திர மனிதன் பேசும்போது 'சொன்னது' என்பதா, 'சொன்னான்' என்பதா என்று ஒவ்வொரு முறையும் தடுமாற்றம். இதையெல்லாம் ஆய்வாக எழுத முடியுமா?
*– வாசகர், யாழ்ப்பாணம்*

முடியும். தமிழ் தெரிந்தவர் மட்டுமே செய்யக்கூடிய ஆய்வு இது. நாங்கள் மிகவும் எதிர்பார்க்கும் ஆய்வும் இதுவே.

முதலில் அறிபுனை வாக்கியம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். எழுத்தாளரும் விமர்சகருமான சாமுவேல் டிலேனி ஓர் எளிய எடுத்துக்காட்டுத் தருவார். 'அவளுடைய உலகம் வெடித்துச் சிதறியது.' சமூக நாவலில் இது துக்கம். அறிபுனையில் ஒரு கிரகமே வெடித்திருக்கலாம். உருவகமாக வாசிப்பதா, உள்ளது உள்ளபடி வாசிப்பதா என்ற கேள்வி ஒவ்வொரு வரியிலும் திறந்தே இருக்கிறது. அவர் எடுத்துக்காட்டும் இன்னொரு வாக்கியம் ஹைன்லைன் 1942-ல் எழுதியது: கதவு ஒன்று, கண்ணின் பாவை போல விரிந்து திறக்கிறது. ஆங்கிலத்தில் மூன்றே சொல். உவமை இல்லை, வியப்பு இல்லை. அங்கே வாழ்கிறவர்களுக்கு அது வெறும் கதவு.

இதைத் தமிழாக்கும்போது 'கதவு திறந்தது' என்றால் எதிர்காலம் செத்துவிடும். 'கதவு கண்மணியைப் போல விரிந்தது' என்றால் அழகாக இருக்கும். ஆனால் கதைசொல்லி கதவைக் கண்டு வியக்கிற ஆளாகிவிடுவார், அந்த ஊர்க்காரர் இல்லாமல் போய்விடுவார். 'கதவு விரிந்து வழிவிட்டது' கிட்டத்தட்டப் போய்ச் சேர்கிறது. மூன்றையும் அருகருகே வைத்து, ஒவ்வொன்றிலும் எது போனது என்று எழுதினால் இரண்டு பக்கம் தானே வரும்.

இனி உங்கள் 'அது', 'அவன்'. தொல்காப்பியச் சொல்லதிகாரம் தொடங்குவதே இந்த இடத்தில்தான்: "உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே, அஃறிணை என்மனார் அவரல பிறவே." ஆங்கில ஆசிரியர் இயந்திரத்தின் பெயரையோ 'நான்' என்பதையோ சொல்லிப் பக்கக் கணக்கில் தப்பித்துக்கொள்ளலாம். தமிழில் பெயரைச் சொன்னாலும் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும். அந்த இயந்திரம் மக்களில் ஒருவரா இல்லையா என்பதே கதையின் கேள்வியாக இருக்கும்போது, மொழிபெயர்ப்பாளர் முதல் பக்கத்திலேயே பதில் சொல்லிவிடுகிறார். பெயரெச்சம், வினையெச்சம், 'என்று பதில் வந்தது' போன்ற அமைப்புகளால் எத்தனை பக்கம் தள்ளிப்போட முடியும், எந்தக் கட்டத்தில் 'சொன்னது' 'சொன்னான்' ஆகிறது என்று கவனியுங்கள். அந்தத் திருப்பம் மூலத்தில் இல்லாதது. தமிழ்ப் பிரதி தானாகச் சேர்த்துக்கொண்ட சம்பவம்.

அர்சுலா லெ குவினின் 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்' (1969) இதற்கு மறுபக்கம். நிலையான ஆண், பெண் பால் இல்லாத மக்கள். ஆசிரியர் ஆங்கிலத்தில் ஆண்பால் சுட்டையே பயன்படுத்தினார். கண்டனம் வந்தது. 1976-ல் ஒரு கட்டுரையில் அதை நியாயப்படுத்தினார். பின்னாளில் அதே கட்டுரைக்குக் குறிப்புகள் சேர்த்து, தான் சொன்னதை மாற்றிக்கொண்டார். அதே உலகத்தில் நடக்கும் 'விண்டர்ஸ் கிங்' என்ற சிறுகதையை 1975 தொகுப்பில் பெண்பால் சுட்டுக்கு மாற்றி, 'அரசன்' போன்ற சில பட்டங்களை மட்டும் ஆண்பாலிலேயே விட்டார். தமிழில் 'அவர் வந்தார்' என்றால் பால் சிக்கல் ஒரே அடியில் தீர்ந்ததுபோல் தெரியும். ஆனால் மரியாதை உள்ளே வந்துவிடும். குழந்தைக்கும் 'அவர்', காட்டிக்கொடுத்தவனுக்கும் 'அவர்' என்றால் அந்தச் சமூகமே மிகப் பணிவான சமூகமாகிவிடும். முன்னிலையிலும் இதே கதைதான். உங்கள் பேச்சில் 'நீ'க்கும் 'நீங்க'ளுக்கும் நடுவே 'நீர்' இருக்கிறது. கப்பலின் கணினி மாலுமியை 'நீர்' என்று அழைத்தால் என்ன உறவு உருவாகிறது என்பது சென்னை மொழிபெயர்ப்பாளருக்குக் கிடைக்காத வசதி.

செய்முறை: ஒரே கதைக்கு இரண்டு மொழிபெயர்ப்பு கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒன்று போதும். தொடக்கத்திலிருந்து 300 சொல்லும், திருப்பம் நிகழும் இடத்தில் 300 சொல்லும் எடுங்கள். மூன்று நிரல் போடுங்கள்: மூல வினை, தமிழ் வினைமுற்று, திணையும் மரியாதையும். முழு நாவலுக்கும் போட முயன்று நடுவில் கைவிட்டவர்கள் நிறைய.

வாய்மொழித் தேர்வில், "நீங்கள் படித்தது 1818 ஃபிராங்கன்ஸ்டைனா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். இல்லை என்று காட்டிவிட்டார்கள். எப்படிக் கண்டுபிடித்தார்கள்?
*– வாசகர், சேலம்*

எலிசபெத்தை வைத்துக் கண்டுபிடித்திருப்பார்கள். மேரி ஷெல்லி 1818-ல் பெயர் போடாமல் மூன்று தொகுதியாக வெளியிட்ட பதிப்பில் எலிசபெத், விக்டரின் அத்தை மகள். 1831-ல் அவரே திருத்தி வெளியிட்ட ஒற்றைத் தொகுதியில் அவள் எடுத்து வளர்த்த பெண். அத்தியாய எண் இன்னொரு அடையாளம்: ஒவ்வொரு தொகுதியிலும் 1-லிருந்து தொடங்கினால் 1818, ஒரே ஓட்டமாக 24 வரை போனால் 1831. கடைகளில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டாவது வகை. கதை பிறந்த 1816 கோடைகாலத்தை விரிவாகச் சொல்லும் ஆசிரியர் முன்னுரையும், அதில் வரும் மின்சாரப் பரிசோதனை பற்றிய பேச்சும் 1831-ல்தான் சேர்ந்தன. அந்த முன்னுரையை வைத்து '1818-ன் அறிவியல் மனநிலை' என்று எழுதினால் அடித்தளமே நழுவிவிடும்.

இந்தத் துறையில் இப்படி நிறைய உண்டு. ஜகதீச சந்திர போஸ் 1896-ல் எழுதிய புயல் கதை, கூந்தல் எண்ணெய் நிறுவனம் ஒன்று நடத்திய போட்டிக்குப் போனது. கடலில் எண்ணெய் ஊற்றிப் புயலை அடக்குவதுதான் கதை. 1921-ல் அதை மாற்றி, வேறு தலைப்பில் நூலில் சேர்த்தார். எந்த வடிவம் என்று சொல்லாமல் எழுதும் பத்தி செல்லாது.

தமிழ்த் தொடர்கதைகளுக்கும் இதே எச்சரிக்கை. வார இதழில் வந்தபோது படம் இருந்தது, 'சென்ற இதழில்' சுருக்கம் இருந்தது, பக்கத்தில் விளம்பரம் இருந்தது. நூலில் எதுவும் இருக்காது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய இதழ்களைத் தேடுங்கள். இதழ் தேதி, பக்க எண், ஓவியர் பெயர், தொடர் முடியும் வரி, நான்கையும் அன்றன்றே குறித்துவிடுங்கள். பிறகு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது திரும்பக் கிடைப்பதில்லை.

புஷ்பக விமானத்தை உலகின் முதல் அறிபுனை என்று நிறுவ விரும்புகிறேன்.
*– வாசகர், தஞ்சாவூர்*

வேண்டாம் என்பது எங்கள் கருத்து. விமானம் பறக்கிறது என்பது போதாது. அது ஏன் பறக்கிறது என்று காவியம் கவலைப்படுவதில்லை; கவலைப்பட வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் லூசியன் எழுதிய நிலாப் பயணத்தையே முன்னோடி என்று சொல்வார்களே தவிர, அறிபுனை என்று எல்லோரும் ஒப்புவதில்லை. ஜான் ரீடர் 2010-ல் எழுதிய கட்டுரை இங்கே கைகொடுக்கும். ஒரு வகைமைக்கு மாறாத சாரம் கிடையாது. எழுதுவோரும் பதிப்பிப்போரும் வாசிப்போரும் காலப்போக்கில் அந்தப் பெயரைப் பயன்படுத்தும் விதத்தில்தான் அது உருவாகிறது என்கிறார்.

அதன்படி உங்கள் கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள்: இருபதாம் நூற்றாண்டு எழுத்தாளர்கள் புராண விமானத்தை எதற்காக எடுத்துக்கொண்டார்கள்? அறிவியலைப் பழையதாகக் காட்டவா, புராணத்தைப் புதியதாகக் காட்டவா? இதற்குச் சான்று தேடலாம், கிடைக்கவும் செய்யும். போதிசத்வ சட்டோபாத்யாயா 2016-ல் இந்திய அறிபுனையில் தொன்மக் கூறுகள் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்குங்கள்.

கல்லூரி நூலகத்தில் இந்தத் துறை நூல் ஒன்றுகூட இல்லை. செலவில்லாமல் எங்கே தொடங்குவது?
*– இளங்கலை மாணவர், நாகர்கோவில்*

'தி என்சைக்ளோபீடியா ஆஃப் சயன்ஸ் ஃபிக்‌ஷன்' 2011 முதல் இணையத்தில் இலவசம். கருப்பொருள் பதிவுகளைப் படியுங்கள். ஆசிரியர் பதிவுகளைவிட அவைதான் உங்களுக்கு உதவும். ஒரு கதை எந்தெந்த ஆண்டில், எந்த இதழில், எந்தத் தொகுப்பில் அச்சானது என்று பார்க்க 'ஐ.எஸ்.எஃப்.டி.பி.' தரவுத்தளம் இருக்கிறது. அது ஆர்வலர்கள் சேர்ந்து தொகுப்பது. ஆங்கிலத்துக்கு நம்பலாம், தமிழுக்குப் போதாது. முன்பு சொன்ன அமெரிக்க ஆய்வுச் சங்கத்தின் 'எஸ்.எஃப்.ஆர்.ஏ. ரிவ்யூ' இதழும் இலவசமே; புதிய ஆய்வு நூல்களின் மதிப்புரைகள் அதில் வரும்.

பழைய இதழ்களின் வருடிய பக்கங்கள் இன்டர்நெட் ஆர்க்கைவில் நிறைய உண்டு. ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் தொடங்கிய 'அமேசிங் ஸ்டோரீஸ்' முதல் இதழை, 1926 ஏப்ரல், இறக்கிப் பாருங்கள். அதிலுள்ள கதைகள் எல்லாமே வெர்ன், வெல்ஸ், போ முதலானோரின் மறுபதிப்புகள். ஆகவே '1926-ல் எழுதிய கதைகள்' என்று குறிக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் முதலில் வெளியான ஆண்டைத் தரவுத்தளத்தில் பார்த்து அருகில் எழுதிக்கொண்டு, பிறகு வாசிக்கத் தொடங்குங்கள்.